நெட் வருதா சார்?

இன்டர்நெட் கம்பெனியை மாற்றப்போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். ஸ்பீடு எவ்வளவு என்பார்கள். அடுத்து, மாசத்துக்கு எவ்வளவு என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள், ஓ.டி.டி. எத்தனை சேர்த்துத் தருகிறான் என்று விசாரிப்பார்கள். வெளியூரில் இருந்துகொண்டு அந்த இணைப்புக்குள் நுழைய முடியுமா என்று கேட்ட ஒரு ஜீவனை இதுவரை நான் சந்தித்ததில்லை. விளம்பரத்தில் அந்தச் சமாசாரமே கிடையாது. ரசீதிலும் கிடையாது. ஆகவே அது காணாமல் போனால், என்ன காணாமல் போனது என்று எழுதிக் கொடுக்கக்கூட வழி கிடையாது.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் ரொம்ப வருஷமாக இருந்தது செம்புக் கம்பி லைன். ஐப்பசியில் தெருமுனை இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியதும் உயிரை விடும். தை பிறந்ததும் எழுந்து உட்காரும். ஸ்பீடு என்று ஒன்று அதில் இருந்ததாக அப்பா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்தக் கிழட்டு லைனுக்கு ஒரு குணம் இருந்தது: சென்னையில் இருந்து நான் தட்டினால் கதவைத் திறந்தது. வாசலிலும் கொல்லையிலும் மாட்டியிருந்த கேமராக்கள், அவற்றின் படங்களைச் சேர்த்து வைக்கும் டி.வி.ஆர். பெட்டி, அப்பாவின் கம்ப்யூட்டர், அதற்குள் இருக்கும் குத்தகைக் கணக்கு என்று எல்லாமே என் கைக்கு எட்டின.

இதை வைத்துக்கொண்டு நான் பெரிய பாதுகாப்புப் பணி எதையும் செய்துவிடவில்லை. ஆபீஸ் மீட்டிங் இழுத்துக்கொண்டே போகும்போது போனில் ஊர் வாசலைத் திறந்து பார்ப்பேன். செம்பருத்தியை ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். அம்மாவைக் கூப்பிட்டு, "வாசல்ல ஆடும்மா" என்பேன். முன்னூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஆடு ஓட்டுகிறவன் என்று தெருவில் எனக்கு ஒரு பெயர் உண்டாயிற்று. எதிர்வீட்டு அத்தை ஒருநாள் போன் போட்டார். "தம்பி, நான் குளிக்கப் போயிருந்தேன். கேஸ் வண்டி வந்துட்டுப் போயிட்டானான்னு உன் கேமராவுல பாத்துச் சொல்லேன்." பார்த்துச் சொன்னேன். அன்றிலிருந்து பேப்பர்காரர், கரண்ட் ரீடிங் எடுக்கிறவர், கீரைக்காரம்மா எல்லோருடைய வருகைப் பதிவேடும் என் பொறுப்பு. அடையாற்றில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு எங்கள் தெருவுக்கு விசாரணைக் கவுண்ட்டர் நடத்திவந்தேன்.

அப்போதுதான் அப்பா ஃபைபருக்கு மாறினார்.

கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் டைரியில் ஏற்றாமல் செய்ய மாட்டார். எங்கள் ஊர்ப்பக்கம் இப்போது வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுப்பவர், முன்பு கேபிள் டி.வி. இழுத்த அதே ஆள்தான். மின்கம்பத்தில் இருந்து தென்னை மரம், தென்னை மரத்தில் இருந்து எங்கள் ஓட்டுச் சாய்ப்பு என்று கறுப்பு வயர் ஒன்று வந்திறங்கியது. கூடத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி முளைத்தது. கேபிள் பையன் தன் போனில் முள் ஓடுகிற படத்தைக் காட்டி, "நூறு எம்.பி. ஐயா" என்றான். அப்பா தேதி, நேரம், வேகம் மூன்றையும் குறித்துக்கொண்டு அவனிடம் கையெழுத்து வாங்கினார். பழைய மோடத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டார்கள்.

மறுநாள் என் போனில் ஊர் வாசல் திறக்கவில்லை. ஒரு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது.

முதலில் சந்தேகப்பட வேண்டியது டி.வி.ஆரைத்தான். வீட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் ரௌட்டர் ஒரு எண் கொடுக்கும். பழைய மோடம் 192.168.1 என்று தொடங்கும் எண்களைக் கொடுத்தது. டி.வி.ஆருக்கு 192.168.1.108 என்று நிரந்தரமாகவே எழுதி வைத்திருந்தோம். புது வெள்ளைப் பெட்டியோ 192.168.100 என்று தொடங்குகிறது. டி.வி.ஆர். இன்னும் பழைய எண்ணோடு, யாரும் பதில் சொல்லாத ஓர் உலகத்தில் உட்கார்ந்திருந்தது. அதை மாற்ற வேண்டும். டி.வி.யில் டி.வி.ஆரின் திரையைத் திறந்து, மவுஸ் பிடித்து, நெட்வொர்க் பக்கத்துக்குப் போக வேண்டும். செய்ய வேண்டியவர் அப்பா. சொல்ல வேண்டியவன் நான்.

"அம்புக்குறியை மேல கொண்டுபோங்கப்பா."

"எந்த மேல?"

"டி.வி.யில மேல."

"மவுஸ் வயரு முழம்கூட இல்லடா. நான் டி.வி. ஒட்டி நிக்கிறேன். இங்கேருந்து பாத்தா எழுத்து எதுவும் தெரியலை."

டி.வி.ஆர். தயாரிக்கிறவர்கள் அதற்குக் கொடுக்கும் மவுஸ், மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு வேலை பார்க்கிற ஜாதிக்காகச் செய்யப்பட்டது. கடைசியில் அம்மாவை ஊஞ்சலில் உட்கார வைத்தோம். நான் போனில் சொல்வேன், அம்மா திரையைப் படித்துச் சொல்வாள், அப்பா அமுக்குவார்.

"அப்ளைன்னு ஒண்ணு இருக்கு, கேன்சல்னு ஒண்ணு இருக்கு. எதுடா?"

"அப்ளைம்மா."

"ரெண்டையும் அமுக்கிட்டாரே."

எப்படியோ எண் மாறியது. அப்பா அதைத் தன் டைரியில் ஏற்றிக்கொண்டு திருப்பிச் சொன்னார். "ஒண்ணு ஒம்பது ரெண்டு புள்ளி, ஒண்ணு ஆறு எட்டு புள்ளி, ஒண்ணு சைபர் சைபர் புள்ளி, ஒண்ணு சைபர் எட்டு. எழுத்தாலும் எழுதிட்டேன்." யாராவது பின்னால் ஒரு சைபர் சேர்த்துவிடக் கூடாதல்லவா.

அடுத்த வேலை, வெள்ளைப் பெட்டிக்குள் நுழைந்து போர்ட் ஃபார்வர்டிங் எழுதுவது. வெளியே இருந்து இன்ன எண்ணைக் கேட்டு யார் வந்தாலும் டி.வி.ஆரிடம் அனுப்பிவை என்று ரௌட்டருக்குச் சொல்லி வைப்பதுதான் அது. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. கேபிள்காரர் அதை மாற்றி வைத்திருந்தார். அவரிடம் கேட்டால், அது "மெயின் ஆபீஸ்" பாஸ்வேர்டு, யாருக்கும் கொடுப்பதில்லை என்றார். கேபிள் பையனிடம் கேட்டோம். அவன் அப்பாவின் டைரியை வாங்கி எழுதியே கொடுத்துவிட்டான். எழுதிப் போட்டோம். சென்னையில் வட்டம் சுற்றியது.

"எனக்கு நல்லாத் தெரியுதே" என்றார் அப்பா, தன் போனைப் பார்த்தபடி. "ஆடுகூட நிக்குது. உன் போன்லதான் கோளாறு."

வீட்டு வைஃபையில் இருக்கும் போனுக்கு டி.வி.ஆர். பக்கத்து அறைதான், அது தெரியத்தான் செய்யும். வைஃபை எட்டாத இடத்துக்குப் போய், மொபைல் டேட்டாவில் பாருங்கள் என்றேன். திண்ணைக்குப் போனார். தெரிந்தது. தெருவுக்கு இறங்கினார். அங்கேயும் தெரிந்தது, புதுப் பெட்டியின் வைஃபைக்கு அவ்வளவு வீரியம், அதையும் பெருமையாகக் குறித்துக்கொண்டார். வைஃபையை அணைக்கச் சொன்னால், அணைத்த பிறகு மறுபடி போட வருமோ வராதோ என்று பயம். நடந்துகொண்டே போனார். கொஞ்ச நேரம் கழித்து மணிச்சத்தத்துக்கு நடுவே குரல் வந்தது.

"பிள்ளையார் கோவில்ல தெரியலைடா."

இந்த நூற்றாண்டில் எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான நெட்வொர்க் பரிசோதனை அறிக்கை இதுதான். வீட்டில் தெரிகிறது, பிள்ளையார் கோவிலில் தெரியவில்லை. டி.வி.ஆர். நன்றாக இருக்கிறது. வீட்டு வயர்கள் நன்றாக இருக்கின்றன. வெளியில் இருந்து வரும் வழியில்தான் எங்கோ அடைப்பு.

வெள்ளைப் பெட்டியின் நிலவரப் பக்கத்தைத் திறந்து, வெளி உலகத்துக்கு அதன் எண் என்ன என்று படிக்கச் சொன்னேன். 100.72 என்று தொடங்கும் ஒரு எண் வந்தது. பிறகு கூகுளில் என் ஐ.பி. என்ன என்று கேட்கச் சொன்னேன். அது 103 என்று தொடங்கும் வேறொரு எண்ணைக் காட்டியது. அப்பா இரண்டையும் டைரியில் எதிரெதிரே எழுதி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"ரெண்டு புஸ்தகமும் டேலி ஆகலையே. நடுவுல எவனோ கை வச்சிருக்கான்."

கம்ப்யூட்டர் படித்தவர்கள் இதை சி.ஜி.நாட் என்பார்கள். முப்பத்தைந்து வருஷம் தணிக்கைக்குப் பயந்து வாழ்ந்த மனிதர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

நடுவில் கை வைத்த கதை பழையது. இன்டர்நெட்டில் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு முகவரி எண் வேண்டும். அது எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று 1977-இல் முடிவு செய்தவர் விண்ட் செர்ஃப். 32 பிட் போதும் என்றார். சுமார் 429 கோடி முகவரிகள். அப்போது அது ஒரு பரிசோதனை. பரிசோதனைக்கு 429 கோடி தாராளம் என்பதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடியவே இல்லை, அதுவே இன்டர்நெட் ஆகிவிட்டது. 2011 பிப்ரவரி 3 அன்று உலகக் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து மூட்டைகளையும் ஐந்து வட்டாரங்களுக்கும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அதே வருஷம் ஏப்ரலில் அளந்து கொடுக்கும் ரேஷன் ஆரம்பமாகிவிட்டது. எங்கள் கேபிள்காரர் ஃபைபர் இழுக்கக் கிளம்பிய காலத்தில், அடுப்பங்கரையில் எதுவும் மிச்சமில்லை.

அதனால் கம்பெனிகள் ஒரு காரியம் செய்தன. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கட்டடத்துக்கு ஒரே ஒரு கதவிலக்கம். உள்ளே நூற்றுக்கணக்கில் பிரம்மச்சாரிகள். வாசலில் ஒரு மேனேஜர். நீங்கள் யாருக்காவது கடிதம் எழுதினால், இன்ன அறைக்காரர் எழுதினார் என்று அவர் நோட்டில் குறித்துக்கொள்வார். பதில் வந்தால் உங்கள் அறைக்கு அனுப்புவார். நீங்கள் எழுதாமலேயே ஊரில் இருந்து ஒரு ஆள் வந்து, "எங்க பையன் இங்கதான் தங்கியிருக்கான்" என்று நின்றால், "எந்த ரூம்?" என்பார். ரூம் நம்பர் மேனேஜருக்கு மட்டும்தான் தெரியும். வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

வீட்டு ரௌட்டரே சின்ன அளவில் இந்த மேனேஜர் வேலையைத்தான் பார்க்கிறது. ஆனால் அவர் நம் வீட்டு ஆள். போர்ட் ஃபார்வர்டிங் எழுதினால் கேட்பார். இப்போது அவருக்கு மேல் கம்பெனியின் மேனேஜர் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அவர் நம் பேச்சைக் கேட்கமாட்டார். அவரிடம் பேசவும் முடியாது. இந்த உள்வட்ட ஏற்பாட்டுக்கென்றே 2012 ஏப்ரலில் 100.64-இல் இருந்து 100.127 வரை ஏறக்குறைய 42 லட்சம் எண்களை ஒதுக்கி வைத்தார்கள். உங்கள் ரௌட்டரின் வெளி எண் அந்த வரம்புக்குள் இருந்தால், நீங்கள் மேன்ஷன்வாசி. அப்பா, அம்மா, டி.வி.ஆர்., செம்பருத்தி எல்லோரும் சேர்த்து.

இதைக் கம்பெனியிடம் சொல்ல வேண்டுமே. புகார் எண்ணுக்குப் போன் செய்தேன்.

"வணக்கம் சார், சொல்லுங்க சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம் சார்?"

"வெளியூர்ல இருந்து எங்க வீட்டு டி.வி.ஆருக்குப் போக முடியலைங்க."

"சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ் சார். ரெட் லைட் எரியுதா சார்?"

"இல்லை. பச்சைதான்."

"நெட் வருதா சார்?"

"வருது."

"யூடியூப் ஓடுதா சார்?"

"நல்லா ஓடுது."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அமைதி. அந்தப் பெண்ணின் திரையில் புகார் வகைகள் வரிசையாக இருந்திருக்கும். நெட் வரவில்லை, நெட் மெதுவாக வருகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது, பில் அதிகம். நெட் வருகிறது, ஆனால் நான் வர முடியவில்லை என்பதற்கு ஒரு கட்டம் இருந்திருக்காது. "பாக்ஸை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்று முடித்துக்கொண்டார். அடுத்த முறை வேறொரு தம்பி எடுத்தார். அவரும் விளக்கின் நிறத்தில் ஆரம்பித்தார். அவரிடம் நான் சி.ஜி.நாட் என்ற சொல்லைப் பிரயோகித்தேன். "ஓகே சார், நாட் வொர்க்கிங்னு போட்டுக்கறேன் சார்" என்றார்.

அதன் பலனாக கேபிள் பையன் சைக்கிளில் வந்தான். வெள்ளைப் பெட்டியில் ஒரு கருவியைச் சொருகி வெளிச்சத்தின் அளவு பார்த்தான். முள் ஓடுகிற படத்தைப் போட்டான். நூற்று நாலு வந்தது. அப்பா அதையும் எழுதிக்கொண்டார். அன்று மாலை என் போனுக்கு, உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்குக் கீழே, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்ற கேள்வி. அதே செய்தி அப்பாவுக்கும் போயிருக்கிறது. அவர் ஐந்து கொடுத்துவிட்டார்.

"ஏம்பா?"

"நூத்தி நாலு வந்துச்சே."

நியாயம்தான். இந்தச் சண்டையில் எதிரி என்று யாரும் இல்லாததுதான் என் பெரிய சங்கடம். கம்பெனி தருவதாகச் சொன்னது நெட். அது வருகிறது. கேட்டதற்கு மேலேயே வருகிறது.

கேபிள்காரரைப் பிடித்தேன். நல்ல மனிதர். விஷயத்தை முழுக்கக் கேட்டார். "ஸ்டேட்டிக் ஐ.பி. போட்டுக்கிட்டா ஆயிடும் அண்ணே" என்றார். உங்களுக்கென்று தனியாக ஒரு கதவிலக்கம். மாச வாடகை உண்டு. சரி, போடுங்கள் என்றேன். அது கம்பெனி பிளானுக்கு மட்டும்தானாம். ஜி.எஸ்.டி. நம்பர் வேண்டுமாம், கடை லைசென்ஸ் வேண்டுமாம். "ஐயா பேர்ல ஏதாவது ஏஜென்சி இருக்கா?" என்று கேட்டார். அப்பாவின் பெயரில் இருப்பது ஒரு உரச் சிட்டையும் பென்ஷன் புத்தகமும்.

நடுவில் அப்பா ஒரு கேள்வி கேட்டார். வயலில் போர் மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் மாட்டியிருக்கிறோம். உள்ளே ஒரு சிம். கூடத்தில் இருந்து மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். ஓடியதும் ஓடுகிறேன் என்று செய்தி அனுப்பும். சென்னையில் இருந்து நான் கொடுத்தாலும் ஓடும். "கொல்லைக்காட்டுல கெடக்கிற மோட்டார் கூப்பிட்டா எடுக்குது. கூடத்துல இருக்கிற பொட்டி எடுக்க மாட்டேங்குதா?" மோட்டாருக்குச் சொந்தமாகப் பத்து இலக்க எண் இருக்கிறது, நம் வீட்டுக்கு இல்லை என்றேன். குடியிருக்கிற வீட்டைவிட மோட்டாருக்கு மரியாதை ஜாஸ்தி என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

புது முகவரி முறை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. ஐ.பி.வி.6. முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வந்துவிட்டது. 128 பிட். அதன் மொத்த முகவரிகளை எழுதினால் 39 இலக்கம் வரும்; அப்பாவிடம் சொன்னால் எழுத்தாலும் எழுதுவார் என்பதால் சொல்லவில்லை. ஆட்டுக்கு, செம்பருத்திக்கு, செம்பருத்தியின் ஒவ்வோர் இலைக்கும் ஒன்று கொடுத்தாலும் தீராது. அதைப் பயன்படுத்துவதில் உலகத்தின் முன்வரிசையில் நிற்கும் நாடுகளில் இந்தியாவும் ஒன்று. பெரும்பாலும் மொபைல் கம்பெனிகளின் புண்ணியம். என் போனில் அது இருக்கிறது. கேபிள்காரரின் ஃபைபரில் இன்னும் வரவில்லை. வந்தாலும் எங்கள் டி.வி.ஆருக்கு அந்தப் பாஷை தெரியாது.

டி.வி.ஆர். கம்பெனியே ஒரு வழி வைத்திருக்கிறது. பெட்டியின் மேல் இருக்கும் கட்டம் போட்ட படத்தை அவர்களுடைய ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும். படம் அவர்களுடைய சர்வர் வழியாக வந்துசேரும். பெரும்பாலானோர் அதோடு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். எங்கள் கொல்லையில் காயும் துணிமணி எந்த நாட்டு சர்வரைச் சுற்றிவிட்டு வருகிறது என்று தெரியாததால் எனக்கு அதில் மனசு ஒப்பவில்லை.

அதற்காகப் பழைய போர்ட் ஃபார்வர்டிங்கைப் பொற்காலம் என்று கொண்டாடவும் மாட்டேன். கதவைத் திறந்து வைத்தால் நான் மட்டுமா வருவேன்? 2016-இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் கிளம்பியது. இன்டர்நெட்டில் கதவு திறந்து கிடந்த கேமராக்கள், டி.வி.ஆர்.கள், ரௌட்டர்களை வரிசையாகத் தட்டியது. அதன் மடியில் இருந்தது அறுபது சொச்சம் பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள், அவ்வளவுதான். கடைக்காரர் போட்டுக் கொடுத்த 12345-ஐ யார் மாற்றுகிறார்கள்? லட்சக்கணக்கில் பெட்டிகள் வசமாயின. அந்த அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் பெட்டிகளின் படை ஒன்று டைன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மேல் பாய்ந்தது. டுவிட்டர், நெட்ஃப்ளிக்ஸ் எல்லாம் பலருக்கு மணிக்கணக்கில் திறக்கவில்லை. மிராயை எழுதியவர்கள் கல்லூரி வயதுப் பையன்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களைப் பிடித்து ஆட்டுவதுதான் ஆரம்ப நோக்கம். இதையெல்லாம் நினைத்தால் மேன்ஷன் மேனேஜர் ஒருவகையில் உபகாரிதான். முன்பின் தெரியாதவனை உள்ளே விடுவதில்லை. என்ன, பெற்ற பிள்ளையையும் விடுவதில்லை.

கடைசியில் உதவியது, உள்ளே நுழையவே முயலாத ஒரு தந்திரம்.

நான் சென்னையில் வைத்திருக்கும் போனும் மேன்ஷன்வாசிதான். மொபைல் கம்பெனியின் மேன்ஷன். இரண்டு பிரம்மச்சாரிகள், இரண்டு மேன்ஷன்கள், ஒருவர் அறைக்கு ஒருவர் போக முடியாது. ஆனால் இரண்டு பேருமே வெளியே வரலாமே. முனையில் ஒரு டீக்கடையில் இருவரும் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லி வைக்கிறார்கள். பிறகு இருவரும் ஒரே சமயத்தில் ஒருவருக்கொருவர் கடிதம் போடுகிறார்கள். இந்தப் பக்க மேனேஜர், நம்ம ஆள் போட்ட கடிதத்துக்குப் பதில் வந்திருக்கிறது என்று நினைத்து உள்ளே அனுப்புகிறார். அந்தப் பக்க மேனேஜரும் அப்படியே நினைக்கிறார். இரண்டு மேனேஜர்களும் ஏமாந்தாயிற்று. எப்போதாவது ஒரு மேனேஜர் ரொம்பக் கறாராக இருந்தால், டீக்கடைக்காரரே கடிதங்களை வாங்கி வாங்கிக் கொடுப்பார். கொஞ்சம் மெதுவாக இருக்கும். உறைக்குள் இருப்பதை அவராலும் படிக்க முடியாது.

டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள் இதைச் செய்கிறது. உறையை ஒட்டுகிற வேலை வயர்கார்டு என்கிற நுட்பத்துடையது. ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸின் மையத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. சொந்த உபயோகத்துக்குக் காசு இல்லை. டி.வி.ஆருக்குள் இதை நிறுவ முடியாது. பக்கத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, அதை வாசற்படியாக்கி, அதன் வழியே டி.வி.ஆருக்குப் போகலாம். ஒரு ராஸ்பெரி பை வாங்கினேன். தொலைவில் இருந்தே ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கான ஏற்பாட்டைச் செய்ய மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி நேரிலேயே போனேன்.

சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இன்வெர்ட்டர் பிளக் இருந்தது. ராஸ்பெரி பை அங்கே குடியேறியது; அம்மா அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். நிறுவி முடித்ததும் அதற்கு ஒரு எண் கிடைத்தது. அப்பா டைரியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். நான் படித்தேன். "நூறு புள்ளி..."

பேனா நின்றது. பழைய பக்கத்தைப் புரட்டினார்.

"இது அந்தக் களவாணி நம்பருல்ல?"

அதே வரம்புதான். 100.64-இல் இருந்து 100.127 வரை. வெளி உலகத்தில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள், வீட்டு எண்களோடும் மோதாது என்பதால் டெயில்ஸ்கேல்காரர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நம்மை அடைத்து வைத்த எண்ணாலேயே வெளியே வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். அப்பா சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதினார். என்ன எழுதினார் என்று காட்டவில்லை.

சென்னைக்குத் திரும்பியதும் இன்னொரு கூத்து. டி.வி.ஆரின் எண்ணைத் தட்டினேன்; வந்தது என் வீட்டுப் பிரிண்டர். இங்கேயும் அதே கம்பெனி செய்த வெள்ளைப் பெட்டி, இங்கேயும் 192.168.100, இங்கே அந்த 108 பிரிண்டருக்குப் போயிருந்தது. லேப்டாப் பக்கத்தில் இருப்பவரையே கூப்பிட்டுவிட்டது. ஊரை மாற்றுவதைவிட சென்னையை மாற்றுவது சுலபம். மவுஸ் வயர் நீளம். மாற்றினேன். ஊர் வாசல் திறந்தது. செம்பருத்தி இருந்த இடத்தில் குச்சி இருந்தது.

எதிர்வீட்டு அத்தை அன்று மாலையே கேஸ் வண்டியைப் பற்றி விசாரித்தார். இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கோபமும் பட்டார்.

கேபிள் பையன் மாச வசூலுக்கு வந்தபோது அப்பா தன் போனைப் பிள்ளையார் கோவில் வரை எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார். அவன் போய்த் தன் முதலாளியிடம் சொல்லியிருக்கிறான். முதலாளி எனக்கு உடனே போன் செய்தார். "சூப்பர் அண்ணே. நம்ம ஏரியாவுல இதே கம்ப்ளெய்ன்ட் பத்துப் பதினஞ்சு பேருக்கு இருக்கு. நாங்களும் என்னனு புரியாம க்ளோஸ் பண்ணிக்கிட்டே இருக்கோம். உங்க நம்பரைக் குடுத்திருக்கேன், தப்பா நினைச்சுக்காதீங்க."

மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தபோது முதல் அழைப்பு வந்தது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறவர். கம்பெனி மாற்றியதில் இருந்து வீட்டில் உட்கார்ந்தால் கடைக் கேமரா தெரியவில்லையாம்.

"நெட் வருதுங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பிரமாதமா வருது தம்பி."

"ரெட் லைட் எரியுதா?"

"இல்லைங்களே, பச்சைதான்."

"சரி, ஒரு டெஸ்ட் பண்ணணும். வைஃபை எட்டாத இடமாப் போய்ப் பாக்கணும். போனை எடுத்துக்கிட்டு அப்படியே பிள்ளையார் கோவில் வரைக்கும் நடங்க."

கொஞ்சம் யோசித்தார்.

"எங்க தெருவுல பெருமாள் கோவில்தான் தம்பி இருக்கு. பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன்.